கூப்பிட்டால் வர வேண்டிய டாக்டர்

சாயங்காலம் முழுக்க நான் அழவில்லை. அழுதால் அண்ணன் பயந்துவிடுவான் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். என் முட்டி இரண்டும் தானாக ஆடுகின்றன. கையால் அழுத்திப் பிடித்தால் கையும் சேர்ந்து ஆடுகிறது. நடந்ததை முதலிலிருந்து யாரிடமாவது சொன்னால் நிற்கும் போலிருக்கிறது.

அண்ணனுக்கு இருபது வயது. லிஃப்ட் மாட்டுகிற கம்பெனியில் மெக்கானிக்குக்கு உதவியாள். இன்று மதியம் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது அது நழுவி, அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. ஆட்கள் ஓடி வந்து இரும்பைத் தூக்கக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது. ரத்தம் இல்லை. தோல் கூடக் கிழியவில்லை. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது.

மேஸ்திரி அவனைத் தன் வண்டியில் போட்டு, வழியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். நான் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தேன்.

"அம்மா இல்லையா?"

"ஷிஃப்டுக்குப் போயிட்டாங்க."

"அப்பா?"

"லாரில போயிருக்காங்க. வர ரெண்டு நாள் ஆகும்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சரி, நீ ஏறு."

பின்சீட்டில் அண்ணன் காலை நீட்டிப் படுத்திருந்தான். "வா கொசு" என்றான். என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "எல்லாரும் லிஃப்ட்ல ஏறுவாங்க. உன் அண்ணன் மேல லிஃப்ட் ஏறிடுச்சு."

அம்மா வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் உள்ளே நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். அதனால் மாமாவுக்குச் சொன்னேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, சோபாவில் இருந்தால் கூட அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும். "நீங்க போங்க, நான் பின்னாலயே வரேன். யார்கிட்டயும் எதுக்கும் தலையாட்டாத" என்றார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சக்கரக் கட்டிலைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார்.

"பேரு? வயசு? கூட வந்த பெரியவங்க யாரு? சொந்தக்காரங்க யாராவது வந்து..."

"அண்ணே," என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "நான் பாக்குறதுக்கு முன்னாடி நீங்க எழுதாதீங்க. உள்ள அனுப்புங்க."

அவர் பேனாவை மூடிவிட்டுக் கட்டிலுக்கு வழிவிட்டார். குரலுக்குச் சொந்தக்காரரை உள்ளே பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சரைவிடச் சின்னவராக இருப்பார். குச்சி மாதிரி உடம்பு, காலில் ஓட்டப் பந்தய ஷூ, தலையில் ஒரு பென்சிலைச் செருகிக் கொண்டை. நர்ஸுகள் அவரைச் சின்ன மேடம் என்றார்கள்.

"நான்தான் இன்னைக்கு இங்க டியூட்டி டாக்டர். உங்க காலத் தொட்டுப் பாக்கணும். தொடலாமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். தொடலாமா என்று அவனை யாரும் கேட்டதில்லை. "தாராளமா தொடுங்க மேடம். பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க."

"முயற்சி பண்றேன்" என்றார் சின்ன மேடம். சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு திரையை இழுத்து மூடி, பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்க்காதபடி செய்துவிட்டுத்தான் பேன்ட்டைக் கத்தரித்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒரு கீறல் கூட இல்லை. மேஸ்திரி இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டார். வலிக்கு ஊசி போட்டார்கள். மேஸ்திரி வேலைக்குத் திரும்பினார். அவர் போகவும் மாமா வரவும் சரியாக இருந்தது.

"எலும்பு உடையலையா? அப்புறம் என்ன மாப்ள, எந்திரி. வீட்டுக்குப் போய் ஒத்தடம் குடுத்தா சரியாப் போயிடும்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார்" என்றார் சின்ன மேடம்.

"எதுக்கு?"

"எலும்புதான் எக்ஸ்ரேல தெரியும். எலும்பச் சுத்தி இருக்கிறது தெரியாது. அதப் பாக்கணும்னா காத்திருந்துதான் பாக்கணும்."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கால் பிரேக்கைத் தேடியது.

காத்திருந்த நேரத்தில் நான் சுவரைப் படித்தேன். ஒரு பலகையில் பெரிய எழுத்தில், இங்கே வருகிற யாரையும் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது, என்ன வியாதி என்ன வைத்தியம் என்று நோயாளிக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது, என்றெல்லாம் இருந்தது. மாமாவும் படித்தார். "போர்டுல என்ன வேணா எழுதலாம். நான் கூடத்தான் என் ஸ்கூல் வாசல்ல பத்தே நாள்ல டிரைவிங்னு எழுதியிருக்கேன்."

அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. இதயம், எலும்பு, கண், குழந்தை என்று வரிசையாகப் போட்டு, எதிரில் இன்றைக்கு யார் முறை என்று எழுதியிருந்தார்கள். பெரிய டாக்டர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியிலேயே இருக்க மாட்டார்களாம். முறை போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பார்களாம். அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் கட்டில் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது தலைமை நர்ஸ். அந்தச் சிஸ்டர் பேசிக்கொண்டே ஊசியை எடுத்து வைப்பார், ஊசியை எடுத்து வைத்துக்கொண்டே யாரையாவது திட்டுவார்.

அப்போதுதான் கவனித்தேன். அண்ணன் ரொம்ப நேரமாகப் பேசவில்லை.

எங்கள் வீட்டில் அண்ணன் பேசாமல் இருந்தது எப்போது என்று யோசித்தால் எனக்கு ஞாபகம் வரவில்லை. சாப்பிடும்போது பேசுவான், பல் தேய்க்கும்போது பேசுவான். இப்போது கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"டேய், வலிக்குதா?"

"இல்ல. பரவால்ல."

சின்ன மேடம் வந்து கேட்டபோதும் அதையே சொன்னான். "ஊசி போட்டதுக்கு அப்புறம் பரவால்ல மேடம்." மாமா உடனே, "பாத்தீங்களா, அவனே சொல்றான்" என்றார்.

பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"பொய் சொல்றான் மேடம். அவன் பேசாம இருக்கான். வலி ஜாஸ்தியானாதான் அவன் பேச மாட்டான்."

"கொசு, சும்மா இரு."

சின்ன மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். சின்னப் பெண் ஏதோ உளறுகிறாள் என்கிற பார்வை இல்லை. கணக்கில் விடுபட்ட ஓர் இலக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது போலப் பார்த்தார். அவன் கால் பக்கம் போய், கெண்டைக்காலை விரலால் அழுத்தினார். அது அழுந்தவே இல்லை. மரக்கட்டையைத் தட்டுவது மாதிரி இருந்தது. பிறகு அவனுடைய கட்டை விரலை, மெதுவாக, ரொம்ப மெதுவாக மேலே வளைத்தார்.

அண்ணன் கத்திய கத்தில் வாசலில் இருந்த பேனாக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"இந்தக் கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல தொடுறேன். தெரியுதா?"

"தொடுறீங்களா?" என்றான் அண்ணன்.

சின்ன மேடம் நர்ஸுகள் மேசைக்குப் போய், வெள்ளைப் பலகையில் எலும்புக்கு எதிரில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். மேசை எங்களுக்கு நான்கடி தள்ளித்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் பேசுகிறவருக்குப் பெரிய குரல். எனக்கு இரண்டு பேர் பேசியதும் கேட்டது.

"சார், வணக்கம் சார். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க சார். இங்க ஒரு நசுங்கின கால் வந்திருக்கு சார். வீக்கம் ஜாஸ்தியாகிட்டே இருக்கு. உங்க காதுல போட்டு வைக்கலாம்னு..."

"எலும்பு?"

"உடையல சார்."

"பாதத்துல நாடி இருக்கா?"

"இருக்கு சார். ஆனா விரல அசைச்சா..."

"நாடி இருக்கு, எலும்பு உடையல. அப்புறம் என்னம்மா? கால உசத்தி வை. வலிக்கு மருந்து குடு. காலைல ரவுண்ட்ஸ்ல பாக்குறேன். ரொம்ப சந்தேகமா இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு."

"சரி சார். தேங்க்ஸ் சார்."

போனை வைத்தார். அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

மாமாவுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. எழுந்து பேன்ட்டை ஒரு இழுப்பு இழுத்து விட்டுக்கொண்டார். "அவங்க டாக்டரே அனுப்பிடுன்னு சொல்லியாச்சு. மாப்ள, நாம கிளம்பலாம். ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. அங்க எலும்பு டாக்டர் யாரு தெரியுமா? என் ஸ்டூடண்ட். நான்தான் அவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்தேன்."

"இந்த நேரத்துல டிராஃபிக்ல எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்றார் சின்ன மேடம்.

"நான் ஓட்டினா ஒரு மணி நேரம்."

"தாராளமா போகலாம். யாரையும் பிடிச்சு வைக்க எங்களுக்கு உரிமை இல்ல. ஆனா போனா என்ன ஆகும், இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லியாகணும். அதக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"உங்ககிட்ட இல்ல சார். இவர்கிட்ட. கால் இவரோடது."

மாமா திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. மேலே இருப்பவர்களும் சொன்னதில்லை.

சின்ன மேடம் கட்டில் ஓரத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அண்ணனின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். "கெண்டைக்கால்ல சதை சும்மா தொங்கல. இறுக்கமான ஓர் உறைக்குள்ள இருக்கு. நசுங்கினதால சதை வீங்குது. உறை விரியாது. உள்ள அழுத்தம் ஏற ஏற ரத்தம் சதைக்குள்ள போக முடியாது. பாதத்துக்குப் போற பெரிய குழாய் இன்னும் திறந்திருக்கு, அதனாலதான் நாடி இருக்கு. ஆனா சதை மூச்சுத் திணறிட்டு இருக்கு. இப்படியே சில மணி நேரம் விட்டா சதை செத்துடும். அப்புறம் பாதத்தத் தூக்க முடியாது. சில பேருக்குக் கால எடுக்கவே வேண்டி வரும்."

"என்ன பண்ணணும்?" அண்ணன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அந்த உறையக் கத்தியால திறந்து விடணும். அத எலும்பு சர்ஜன் பண்ணணும். நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம். அப்படி இருந்தா ஒரு தழும்போட போகும். நான் நினைக்கிறது சரியா இருந்து நாம எதுவும் பண்ணலைன்னா..."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நானா இருந்தா நகர மாட்டேன். டிராஃபிக்ல ஒரு மணி நேரம், அங்க போய் முதல்ல இருந்து பாக்க இன்னும் கொஞ்ச நேரம். அவ்வளவு நேரம் இந்தக் காலுக்கு இல்ல."

"ஆனா டாக்டர் காலைலதான் வருவேன்னு சொன்னாரே."

"இப்ப வருவார்" என்றார் சின்ன மேடம்.

நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருவார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சொல்லிவிட்டார், அவ்வளவுதான். இனிமேல் அதை உண்மையாக்க வேண்டும்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். நான் தலையாட்டினேன். "மாமா, நான் இங்கயே இருக்கேன்" என்றான்.

"உங்கம்மாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சின்ன மேடம் திரும்பவும் மேசைக்குப் போனார். போனை எடுத்தார், வைத்தார், சிஸ்டரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சிஸ்டர் தணிந்த குரலில், "மேடம், அந்தச் சார் கையெழுத்துப் போட்டாதான் உங்க ட்ரெயினிங் முடியும். மறந்துடாதீங்க" என்றார்.

"மறக்கல சிஸ்டர். அத நினைச்சுக்கிட்டுதான் முதல் தடவ அப்படிப் பேசினேன்."

எண்களை அழுத்தினார். இந்தத் தடவை வணக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"சார், அவசரப் பிரிவு டியூட்டி டாக்டர் பேசுறேன். முன்ன சொன்ன கால்தான். கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கு. விரல நீட்டினா தாங்க முடியாத வலி. விரலுக்கு நடுவுல உணர்ச்சி இல்ல. சதைக்குள்ள அழுத்தம் ஏறுதுன்னுதான் நினைக்கிறேன். ஆலோசனை கேக்கல சார். ஆன்கால் சர்ஜன்ங்கிற முறைல உங்கள நோயாளி பக்கத்துக்குக் கூப்பிடுறேன்."

"காலைல பாக்குறேன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க சார். இவர வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புற நிலைமையும் இல்ல. நான் கூப்பிட்டதையும் நீங்க சொல்ற பதிலையும் இப்ப எழுதணும். வரேன்னு எழுதட்டுமா சார், வரலைன்னு எழுதட்டுமா? வரலைன்னா அடுத்து நான் ஆஸ்பத்திரி சீஃபக் கூப்பிடணும். அதுதான் விதி."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைப்பதை நிறுத்திவிட்டார். மாமாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டு நின்றது.

"வரேன்" என்றது போன். டப் என்று வைக்கப்பட்ட சத்தம்.

சின்ன மேடம் போனை வைக்கப் பார்த்தபோது அது அதன் இடத்தில் சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை தவறியது. சிஸ்டர் போனை வாங்கி வைத்துவிட்டு, "சிங்கத்துக்குப் போன்லயே பல்லு தேய்ச்சு விட்டுட்டீங்க. இப்ப நேர்ல வரப் போகுது" என்றார்.

"வரட்டும். வரணும்னுதான கூப்பிட்டேன்" என்றவர், உடனே அடுத்த கட்டிலுக்குப் போய், "உங்களுக்கு எங்க வலிக்குது தாத்தா?" என்று கேட்டார். நான் அசந்துவிட்டேன். என்னால் ஒரு வாத்தியாரை எதிர்த்துப் பேசிவிட்டு அடுத்த பீரியடில் உட்காரக் கூட முடியாது.

அரை மணி நேரம் ஆவதற்குள்ளேயே எலும்பு டாக்டர் வந்துவிட்டார். சிங்கம் என்று சொன்னதால் நான் வேறு மாதிரி எதிர்பார்த்தேன். குள்ளமாக, வழுக்கைத் தலையோடு, வீட்டுச் செருப்பில் வந்தார். முழங்கை வரைக்கும் பச்சைப் பெயின்ட். காதில் கூட ஒரு சொட்டு. வீட்டுச் சுவருக்கு அவரே வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாராம். யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கை கழுவும் இடத்துக்குப் போய்ப் பரபரவென்று தேய்த்தார். தேய்க்கிற வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"எங்க அந்தக் கால்?"

சின்ன மேடம் திரையை விலக்கினார். எலும்பு டாக்டர் கெண்டைக்காலைத் தொட்டார். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபம் போன இடத்தில் வேறொன்றும் வரவில்லை, முகம் அப்படியே காலியாகி, முழுக்கக் கவனமாக ஆனது. அண்ணனின் விரலைப் பிடித்து, "தம்பி, வலிக்கும். ஒரே ஒரு தடவதான்" என்று சொல்லிவிட்டு அசைத்தார். அண்ணன் கத்தினான். அவர் தன் கையை அவன் தோளில் வைத்து அது அடங்கும் வரை எடுக்கவில்லை.

"ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லு. மயக்க டாக்டரக் கூப்பிடு. இப்பவே."

"ரெண்டு பேருக்கும் சொல்லியாச்சு சார்" என்றார் சின்ன மேடம். "தியேட்டர் தயாரா இருக்கு."

அவர் நிமிர்ந்து சின்ன மேடத்தைப் பார்த்தார்.

"முதல் தடவையே இப்படிக் கூப்பிட வேண்டியதுதான?"

"ஆமா சார். தப்பு என்னோடதுதான்."

"பாதிதான்" என்றார் அவர். "மீதிப் பாதி போன எடுத்தவனோடது."

அவ்வளவுதான். அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச நேரமும் இல்லை. எலும்பு டாக்டர் சம்மதத் தாளை எடுத்துக்கொண்டு வந்தபோது, மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி முன்னால் வந்தார். டாக்டர் அவரைத் தாண்டிப் போய் அண்ணனிடம் தாளைக் கொடுத்தார். என்ன செய்யப் போகிறார், காயத்தை ஏன் இன்றைக்குத் தைக்காமல் திறந்தே விடுவார், எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்று அவரும் முதலிலிருந்து சொன்னார். அவசரத்தில் கூட ஒரு வரியை விழுங்கவில்லை.

"கேக்கணும்னா கேளு."

"கால் பொழைக்குமா சார்?"

"திறந்தாதான் தெரியும். தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்."

அண்ணன் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணலாக விழுந்தது. மாமா தன் பேனாவை மூடித் திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், "அவன் கால், அவன் கையெழுத்து" என்று முணுமுணுத்தார். சக்கரக் கட்டிலை உருட்டிக்கொண்டு போகும்போது அவரும் ஒரு பக்கக் கம்பியைப் பிடித்துத் தள்ளினார். வளைவு வந்தபோது, "மெதுவா, மெதுவா, லெஃப்ட்ல இடம் இருக்கு" என்று வழியும் சொன்னார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த உடனே பயமாகிவிட்டது.

தியேட்டர் வாசலில் ஒரு மர பெஞ்சு. மாமா அம்மாவின் கம்பெனிக்கே நேரில் போய் அழைத்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அதையே பார்த்தேன். அண்ணனுக்கு மாடிப் படி ஒவ்வொன்றாக ஏறிப் பழக்கமில்லை, எப்போதும் இரண்டு இரண்டாகத்தான் தாவுவான். ஒரு காலை இழுத்துக்கொண்டு அவன் எப்படி ஏறுவான் என்று மனசு தானாகப் படம் போட்டுக் காட்டியது. நிறுத்தச் சொன்னால் நிறுத்தவில்லை.

நடுவில் ஒரு தடவை சின்ன மேடம் வந்தார். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. "இன்னும் முடியல. முடிஞ்சதும் சார் உன்கிட்டதான் வந்து சொல்லுவார், சொல்லி வெச்சிருக்கேன். ஏதாவது சாப்பிட்டியா?"

"பசிக்கல மேடம்."

"நீதான் அவர் பேசலன்னு சொன்ன. அத நான் எழுதிட்டேன், தங்கை சொன்னதுன்னு." சொல்லிவிட்டு, கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் படியில் இறங்கிப் போய்விட்டார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். கேட்க ஆள் இல்லை.

விளக்கு அணைந்தது. எலும்பு டாக்டர் வெளியே வந்து, என் பக்கத்திலேயே பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் காதில் அந்தப் பச்சைச் சொட்டு அப்படியே இருந்தது.

"உறைய வெட்டித் திறந்ததும் சதை வெளிய பிதுங்கிட்டு வந்துச்சு. அவ்வளவு அழுத்தம். முதல்ல கருத்துப் போய்தான் இருந்துச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் கையக் கட்டிட்டு நின்னேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா செவந்துச்சு. கிள்ளினா துடிக்குது. உயிரோட இருக்கு."

"கால் பொழைச்சிடுச்சா சார்?"

"ரெண்டு நாள் கழிச்சு மறுபடி திறந்து பாக்கணும். அப்பதான் முழுசா சொல்ல முடியும். ஆனா இன்னைக்குக் கேட்டா, பொழைச்சிடுச்சு."

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "காலைல வந்திருந்தீங்கன்னா?"

அவர் கையைப் புரட்டிப் பார்த்தார். நகக்கண்ணில் பச்சை. "காலைல வந்திருந்தா கால எடுக்கறதுக்குத்தான் வந்திருப்பேன்" என்றார். "அந்தப் பொண்ணு ரெண்டாவது தடவ போன் பண்ணப்ப எனக்கு வந்த கோபத்துல பிரஷ்ஷ வீசி எறிஞ்சேன். ஹால் சுவத்துல பெரிய திட்டு. என் வீட்டம்மா துடைக்க மாட்டா, நான் போய்த்தான் துடைக்கணும்." எழுந்து இரண்டடி போனவர் நின்றார். "உன் அண்ணனோட பாதத்த ராத்திரி முழுக்க சிஸ்டர் வந்து வந்து பாப்பாங்க. எழுப்பி விரல அசைக்கச் சொல்லுவாங்க. அவன் திட்டினா திட்டட்டும், விடாத."

இதெல்லாம்தான் நடந்தது. அம்மாவும் மாமாவும் வந்து பார்த்தார்கள். மாமா கிளம்பிப் போனதும் அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். வேலைக் களைப்பு. நான் இந்தப் பக்கம்.

சொல்லி முடித்தும் முட்டி ஆடுவது நிற்கவில்லை. சாயங்காலம் எனக்குத் தெரியாதது இப்போது தெரிகிறது, அதனால் இருக்கலாம். எலும்பு உடையவில்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான். சின்ன மேடம் சரி சார், தேங்க்ஸ் சார் என்று போனை வைத்தாரே, அதோடு விட்டிருந்தால் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெரிய டாக்டரே சொல்லிவிட்டார் என்று எங்கள் வீட்டிலேயே சமாதானம் சொல்லியிருப்போம். அந்தப் போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச நேரத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சற்று முன் சிஸ்டர் டார்ச்சோடு வந்து அண்ணனை எழுப்பினார். அவன் பாதி மயக்கத்தில் அவரைத் திட்டிக்கொண்டே விரலை அசைத்தான். கொஞ்சம்தான். ஆனால் அசைந்தது. அவர் போன பிறகு நான் போர்வைக்கு அடியில் கையை விட்டு அவன் பாதத்தைப் பிடித்தேன். சூடாக இருக்கிறது. விடிகிற வரைக்கும் இப்படியே பிடித்துக்கொண்டிருக்கப் போகிறேன்.